அரபு நாடு வேறு, இஸ்லாமிய நாடு வேறு

ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் மோதல் மூளும்போதெல்லாம் தமிழ்ச் செய்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரு பிழை தலைகாட்டும். ஈரானை அரபு நாடு என்று சொல்லிவிடுவார்கள். ஈரானியர்கள் அரபியர்கள் அல்லர். அந்த நாட்டின் ஆட்சிமொழி பாரசீகம். அது அரபிக்கு உறவில்லாத மொழி; குடும்ப வழியில் பார்த்தால் சமஸ்கிருதத்துக்கும் இந்திக்கும்தான் சொந்தம். துருக்கி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றையும் அரபுக் கணக்கில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. மறுபக்கம், அரபியர் என்றாலே முஸ்லிம் என்று எடுத்துக்கொள்வதால் எகிப்து, லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் அரபி பேசி வாழும் லட்சக்கணக்கான கிறிஸ்தவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. இதைச் சொல்குற்றம் என்று விட்டுவிட முடியாது. யாருக்கு யாரோடு பகை, எந்த அமைப்பின் தீர்மானத்தில் யாருக்குக் குரல் உண்டு என்பதெல்லாம் இந்த ஒரு குழப்பத்தால் தலைகீழாகிவிடுகிறது.

'அரபு' என்பது மொழியையும் அந்த மொழிவழி மக்களையும் குறிக்கிறது. 'இஸ்லாமிய' என்பது மதத்தைக் குறிக்கிறது. ஒருவர் அரபியராக இருந்துகொண்டே கிறிஸ்தவராகவும் இருக்கலாம். ஐந்து வேளை தொழும் ஒருவருக்கு அரபியில் கடைக்காரரிடம் விலை கேட்கக்கூடத் தெரியாமல் இருக்கலாம். உலக முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையினர்.

மக்கள்தொகையைப் பார்த்தாலே இது விளங்கும். உலகில் ஏறத்தாழ 200 கோடி முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அவர்களில் அரபியர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நான்கு நாடுகளான இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் ஆகியவற்றில் ஒன்றுகூட அரபு நாடு அல்ல. நான்குமே மேற்கு ஆசியாவுக்கு வெளியே இருப்பவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் 17.2 கோடி முஸ்லிம்கள் இருந்தார்கள். அரபு நாடுகளில் மிகப் பெரியதான எகிப்தின் மொத்த மக்கள்தொகை, கிறிஸ்தவர்களையும் சேர்த்தே, அதைவிடக் குறைவு.

எது அரபு நாடு?

இதற்கு நடைமுறையில் ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது: அரபு லீக் உறுப்பினர் பட்டியல். 1945 மார்ச் 22 அன்று கெய்ரோவில் இந்த அமைப்பு உருவானது. எகிப்து, சிரியா, லெபனான், ஈராக், டிரான்ஸ்ஜோர்டான் (இன்றைய ஜோர்டான்), சவூதி அரேபியா ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். யேமன் சில வாரங்களில் சேர்ந்தது. விடுதலை பெறப் பெற மற்ற நாடுகளும் வந்து சேர்ந்தன: 1953இல் லிபியா, 1956இல் சூடான், 1958இல் மொராக்கோவும் துனிசியாவும், 1962இல் அல்ஜீரியா, 1971இல் கத்தார், பஹ்ரைன், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம். கடைசியாக 1993இல் வந்தது கொமொரோஸ் தீவுகள். இன்று மொத்தம் 22. அமைப்பின் சாசனம் 'விடுதலை பெற்ற அரபு அரசுகள்' என்று பேசுகிறதே தவிர, உறுப்பினராக மதத் தகுதி எதையும் கேட்கவில்லை. உருவாக்கியவர்களின் மனதில் இருந்தது அரபு தேசியம். அந்தத் தேசியத்தை வளர்த்தவர்களில் கிறிஸ்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சிரியாவையும் ஈராக்கையும் பல பத்தாண்டுகள் ஆண்ட பாஸ் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மிஷேல் அஃப்லாக், டமாஸ்கஸைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷும் கிறிஸ்தவர். சதாம் உசேனின் வெளியுறவு அமைச்சராக உலகம் முழுவதும் அறியப்பட்ட தாரிக் அஸீஸ் கல்தேயக் கிறிஸ்தவர். 'முஸ்லிம் நாட்டில் கிறிஸ்தவ அமைச்சரா' என்று வியப்பவர்கள் ஈராக்கை மதக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். அந்த ஆட்சி தன்னை முதலில் அரபு ஆட்சியாகத்தான் காட்டிக்கொண்டது.

லெபனான் இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அரபு லீகின் தொடக்க உறுப்பினரான அந்த நாட்டின் அரசியல் சாசனத்தில் அரசு மதம் என்று எதுவும் இல்லை. 1943இல் ஏற்பட்ட எழுதப்படாத உடன்பாட்டின்படி அதிபர் மரோனைட் கிறிஸ்தவராகவும், பிரதமர் சன்னி முஸ்லிமாகவும், நாடாளுமன்றத் தலைவர் ஷியா முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். 1989இல் உள்நாட்டுப் போரை முடிக்கச் செய்துகொண்ட தாயிஃப் உடன்பாட்டுக்குப் பிறகு நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சரிபாதி; இப்போது 128இல் 64, 64. கடைசியாக அதிகாரபூர்வமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். மறுபடி எண்ணினால் இந்தப் பங்கீடே ஆட்டம் காணும் என்ற அச்சத்தில் யாரும் எண்ணத் துணியவில்லை.

அரபு லீகுக்குள்ளும் விளிம்புகள் உண்டு. சோமாலியாவின் மக்கள் பேசுவது சோமாலி; ஜிபூட்டியில் சோமாலியும் அஃபாரும்; கொமொரோஸில் சுவாஹிலிக்கு நெருங்கிய கொமோரிய மொழி. மூன்றும் அரபி முதன்மைத் தாய்மொழியாக இல்லாத நாடுகள். அரசியல், வணிகம், நீண்டகாலக் கடல் தொடர்பு ஆகியவற்றால் உள்ளே வந்தவை. எதிர்த்திசையில், அரபியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சாட் உறுப்பினர் அல்ல. மால்டா தீவின் மொழி அரபியிலிருந்து கிளைத்தது. ஆனால் அங்குள்ளவர்கள் கத்தோலிக்கர்கள், நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. இஸ்ரேலின் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர். அதனால் இஸ்ரேல் அரபு நாடாகிவிடாது. ஈரானின் தென்மேற்கில் குஜெஸ்தான் மாகாணத்தில் அரபி பேசும் மக்கள் இருக்கிறார்கள். அதனால் ஈரானும் அரபு நாடாகிவிடாது.

அரபு நாட்டில் வாழும் எல்லோரும் அரபியர் என்பதும் பிழையே. ஈராக்கின் வடக்கிலும் சிரியாவின் வடகிழக்கிலும் குர்துகள் இருக்கிறார்கள். சிலுவைப் போர்களில் ஜெருசலேமை மீட்ட சலாஹுத்தீன் பிறப்பால் குர்து. 2005ஆம் ஆண்டு ஈராக்கிய அரசியல் சாசனம் அரபியோடு குர்து மொழியையும் ஆட்சிமொழியாக்கியது. வட ஆப்பிரிக்காவில் அரபியர் வருவதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் அமாசிக் மக்களை வெளியுலகம் பெர்பர்கள் என்று அழைத்தது. ரிஃப், அட்லஸ் மலைகளிலும் அல்ஜீரியாவின் கபிலியாவிலும் அவர்களின் மொழி இன்றும் உயிரோடு இருக்கிறது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு மொராக்கோ 2011இலும் அல்ஜீரியா 2016இலும் அதை அரசியல் சாசனத்தில் ஆட்சிமொழியாக ஏற்றன. சூடான் இந்தப் பாடத்தை மிக அதிக விலை கொடுத்துக் கற்றது. அரபி பேசும் வடக்கு, அரபியர் அல்லாத தெற்கின் மேல் மொழியையும் மதச் சட்டத்தையும் சேர்த்துத் திணித்தது. பல பத்தாண்டு உள்நாட்டுப் போருக்குப் பின் 2011 ஜூலை 9 அன்று தெற்கு சூடான் தனி நாடானது. அது அரபு லீகில் சேரவில்லை.

எது இஸ்லாமிய நாடு?

அரபு நாட்டைவிட இது சிக்கலான கேள்வி. 'இஸ்லாமிய நாடு' என்று சொல்கிறவர்கள் குறைந்தது ஐந்து வெவ்வேறு பொருள்களில் சொல்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்பது ஒன்று. இஸ்லாத்தை அரசு மதமாக அறிவித்த நாடு என்பது இன்னொன்று. ஷரீஅத்தைச் சட்டத்தின் அடிப்படையாகக் கொண்ட நாடு, பெயரிலேயே 'இஸ்லாமியக் குடியரசு' என்று வைத்துக்கொண்ட நாடு, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் உறுப்பினரான நாடு என்பவை மற்ற மூன்று. ஒரு நாடு இவற்றில் ஒன்றில் இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் வழுக்குகின்றன.

பெரும்பான்மையிலிருந்து தொடங்கலாம். உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் முன்னணியில் நிற்கும் இந்தோனேசியாவில் இஸ்லாம் அரசு மதம் அல்ல. 'பஞ்சசீலா' எனப்படும் தன் ஐந்து கொள்கைகளின் அடிப்படையில் அமைந்த அந்தக் குடியரசு இஸ்லாம், புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவம், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம் என ஆறு மதங்களை அங்கீகரிக்கிறது. ஷரீஅத் குற்றவியல் சட்டம் அச்சே மாகாணத்தில் மட்டும் உண்டு. துருக்கியில் 1924 மார்ச்சில் கிலாஃபத், அதாவது முஸ்லிம் உலகின் தலைவரான கலீஃபாவின் பதவி, ஒழிக்கப்பட்டது. 1926இல் சுவிட்சர்லாந்தின் சட்டத்தைத் தழுவிய குடிமைச் சட்டம் வந்தது. 1928இல் இஸ்லாம் அரசு மதம் என்ற வரி சாசனத்திலிருந்து நீக்கப்பட்டது. 1937இல் மதச்சார்பின்மை சாசனத்திலேயே சேர்க்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். அது மதச்சார்பற்ற குடியரசு. விடுதலை பெற்ற 1960 முதல் 20 ஆண்டுகள் அதை ஆண்ட முதல் அதிபர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர். அசர்பைஜான், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், அல்பேனியா ஆகியவையும் முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட மதச்சார்பற்ற அரசுகளே.

அரசு மதம் என்று அறிவிப்பதும் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. மலேசியாவின் சாசனம் இஸ்லாத்தைக் கூட்டாட்சியின் மதம் என்கிறது. அதே பிரிவு மற்ற மதங்களை அமைதியாகப் பின்பற்றவும் இடம் தருகிறது. பத்துமலையில் தைப்பூசக் காவடி எடுப்பது அந்த ஏற்பாட்டுக்குள்தான். மாலத்தீவில், முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமையே பெற முடியாது என்று 2008ஆம் ஆண்டுச் சாசனம் சொல்கிறது. இரண்டு நாடுகளும் அரபு நாடுகள் அல்ல. வங்காளதேசம் 1972இல் மதச்சார்பின்மையோடு தொடங்கி, 1988இல் இஸ்லாத்தை அரசு மதமாக்கி, 2011இல் அரசு மதத்தையும் வைத்துக்கொண்டு மதச்சார்பின்மையையும் சாசனத்தில் திரும்பச் சேர்த்தது.

பெயரைப் பார்த்து முடிவு செய்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 'இஸ்லாமியக் குடியரசு' என்ற பெயரைச் சாசனத்தில் முதலில் ஏற்றது பாகிஸ்தான், 1956இல். இன்று அந்தப் பெயரோடு இருப்பவை பாகிஸ்தான், ஈரான், மொரிட்டானியா ஆகிய மூன்று. அவற்றில் மொரிட்டானியா மட்டும்தான் அரபு லீகில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் 2004 முதல் 2021 வரை இந்தப் பெயரில் இருந்தது. தாலிபான்கள் அதை எமிரேட் என்கிறார்கள். பெயர் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் வேறு. ஈரானில் அதிபருக்கு மேல் உச்சத் தலைவர் என்ற மதத்தலைவர் இருக்கிறார். நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் ஆறு மதஅறிஞர்களும் ஆறு சட்டவல்லுநர்களும் கொண்ட காவலர் அவையைக் கடந்தாக வேண்டும். நாடாளுமன்றத்தில் ஜொராஸ்டிரியர், யூதர், ஆர்மீனியர், அசிரியர் ஆகியோருக்கு மொத்தம் ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பாகிஸ்தானில் மதகுருமார் ஆட்சி கிடையாது. அதிபர் முஸ்லிமாக இருக்க வேண்டும், சட்டங்களைப் பரிசீலிக்கக் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் உண்டு, ஆனால் ஆட்சி தேர்தல் கட்சிகளிடமும் ராணுவத்திடமும் மாறி மாறி இருந்துவந்திருக்கிறது. சவூதி அரேபியாவின் பெயரிலோ 'இஸ்லாமிய' என்ற சொல்லே இல்லை. ஆனால் 1992ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் குர்ஆனும் நபிவழியுமே நாட்டின் சாசனம் என்கிறது. மதச் சட்டத்தின் ஆழத்தை அளக்கப் பெயர்ப்பலகை உதவாது.

ஐந்தாவது அளவுகோலுக்கு வருவோம். 1969 ஆகஸ்ட் 21 அன்று ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கு ஆஸ்திரேலியர் ஒருவர் தீ வைத்தார். அந்த அதிர்ச்சியில் செப்டம்பர் இறுதியில் மொராக்கோவின் ரபாத்தில் கூடிய மாநாட்டிலிருந்து பிறந்ததுதான் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு. 2011இல் 'இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு' என்று பெயர் மாற்றிக்கொண்டது. தலைமையகம் ஜெத்தாவில், உறுப்பினர்கள் 57. அரபு லீகின் 22 நாடுகளும், லெபனான் உட்பட, இதில் இருக்கின்றன. ஆக, இதில் 35 நாடுகள் அரபு நாடுகள் அல்ல. இந்த ஒரு கழித்தலை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும். அந்த 35இலும் எல்லாமே முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் அல்ல. உகாண்டா, காபோன், மொசாம்பிக், தென் அமெரிக்காவின் கயானா, சூரினாம் ஆகியவற்றில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். உறுப்பினராக இருப்பதும் இல்லாததும் அரசாங்கங்கள் எடுத்த முடிவு. மக்கள்தொகைக் கணக்கு அல்ல.

அதற்கு இந்தியாவே சாட்சி. ரபாத் மாநாட்டுக்கு இந்தியாவும் அழைக்கப்பட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஃபக்ருதீன் அலி அகமது தலைமையில் குழு அங்கே போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் எதிர்ப்புத் தெரிவித்ததால் இந்தியக் குழு மாநாட்டிலிருந்து விலக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், ஐக்கிய அரபு அமீரகம் அபுதாபியில் நடந்த வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கு சுஷ்மா ஸ்வராஜைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. இந்த முறை பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் அமர்வைப் புறக்கணித்தார். அழைத்தது அரபு நாடு, எதிர்த்தது அரபு அல்லாத இஸ்லாமிய நாடு. காஷ்மீர் பற்றி 'அரபு உலகம்' கண்டனம் என்று செய்தி வந்தால், அறிக்கை ஜெத்தாவிலிருந்து வந்ததா, அரபு லீகின் தலைமையகமான கெய்ரோவிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அநேகமாக அது ஜெத்தாவாகத்தான் இருக்கும்.

எகிப்து அரபு நாடானது, ஈரான் ஆகவில்லை

இரண்டையும் ஏழாம் நூற்றாண்டில் ஒரே அரபு முஸ்லிம் அரசின் படைகள்தான் வென்றன. எகிப்தும் ஈராக்கும் சிரியாவும் இன்று அரபு நாடுகள், ஈரான் அல்ல. ஏன்?

உமையா கலீஃபா அப்துல் மலிக் (685–705) காலத்தில் அரசு அலுவலகக் கணக்குகள் கிரேக்கத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அரபிக்கு மாற்றப்பட்டன. வேலை வேண்டுமென்றால் அரபி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். சிரியாவிலும் ஈராக்கிலும் மக்கள் பேசிய அரமேயம் அரபிக்கு நெருங்கிய உறவு மொழி என்பதால் மாற்றம் எளிதாக இருந்தது. எகிப்தில் கொப்திக் மொழி பல நூற்றாண்டுகளில் மெல்லப் பின்வாங்கி, கடைசியில் தேவாலய வழிபாட்டு மொழியாகச் சுருங்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கிறிஸ்தவர்களாகவே இருந்தவர்களும் அரபிக்கு மாறினார்கள். மதம் மாறாமல் மொழி மாறியது.

ஈரானில் நடந்தது இதற்கு நேர்மாறு. மதம் மாறியது, மொழி நின்றது. இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் நீண்ட ஆட்சி மரபு, வலுவான நிலவுடைமைக் குடும்பங்கள், உறவில்லாத மொழி ஆகியவை சேர்ந்து பாரசீகத்தைக் காப்பாற்றின. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் புகாராவைத் தலைநகராகக் கொண்ட சாமானிய மன்னர்கள் அதை மீண்டும் அரசவை மொழியாக்கினார்கள். எழுத்து அரபி எழுத்தாக மாறியது, சொற்கள் ஏராளமாகப் புகுந்தன, ஆனால் இலக்கணம் பாரசீகமாகவே இருந்தது. மார்ச் 21ஐ ஒட்டி வரும் நவ்ரூஸ் புத்தாண்டு இன்றும் அங்கே மிகப் பெரிய விழா. பிறகு துருக்கிய மன்னர்கள் இஸ்லாத்தை ஏற்றபோது அவர்களும் இந்தப் பாரசீகப் பண்பாட்டு வழியாகவே அரசாண்டார்கள். டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் பாரசீகத்தில்தான் நிர்வாகம் நடத்தினார்கள். வட இந்தியாவுக்கு இஸ்லாமிய ஆட்சி வந்த பாதையில் அரபு மொழி அரசாளவில்லை.

தமிழ்க் கடற்கரை வேறு கதை. இங்கே அரபு வணிகர்கள் நேரடியாகக் கடல் வழி வந்தார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் அரபு உலகத்தோடு நூற்றாண்டுகளாக உறவு வைத்திருந்த ஊர்கள். அப்படி இருந்தும் அங்கே தமிழ் அழியவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ்தான் உருவானது. மலாய்க்கு ஜாவி, உஸ்மானியத் துருக்கிக்கு அரபு எழுத்து, உருதுவுக்கு நஸ்தாலிக் என்று பல இடங்களில் இதே ஏற்பாடு. அதனால் வலமிருந்து இடமாக எழுதிய பலகையைக் கண்டதும் அரபி என்று முடிவு கட்டக் கூடாது. எளிய சோதனை ஒன்று உண்டு. பாரசீகமும் உருதுவும் ப (p), ச்ச (ch), க (g) போன்ற ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டன. அரபியின் பொது எழுத்துவழக்கில் 'ப' (p) ஒலி இல்லை. பெப்சி அங்கே ஆங்கில P ஒலிக்குப் பதில் B ஒலியோடுதான் தொடங்கும். ஒற்றைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக்கு அடியில் மூன்று புள்ளிகள் தென்பட்டால் அது அநேகமாகப் பாரசீகம், உருது அல்லது அவற்றின் வழி வந்த எழுத்துமுறை.

மொழியும் மதமும் எதிரெதிராக நின்றபோது

1916 ஜூனில் மெக்காவின் ஷரீஃப் உசேன், உஸ்மானியப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கினார். அந்தப் பேரரசின் சுல்தான்தான் முஸ்லிம் உலகின் கலீஃபா. புனித நகரத்தின் பொறுப்பாளரே கலீஃபாவின் படைமீது துப்பாக்கி தூக்கினார் என்றால், அங்கே பேசியது அரபு அடையாளம். மூன்றே ஆண்டுகளில் இந்தியாவில் அதே கலீஃபா பதவியைக் காப்பாற்றச் சொல்லி கிலாஃபத் இயக்கம் எழுந்தது. காந்தியும் அதில் இணைந்தார். கலீஃபாவுக்கு எதிராக மெக்காவிலிருந்து ஒரு போர், கலீஃபாவுக்காக இந்திய நகரங்களில் ஒரு போராட்டம். கடைசியில் அந்தப் பதவியை ஒழித்தது பிரிட்டனும் அல்ல, அரபியரும் அல்ல, துருக்கியரே.

1950களிலும் 60களிலும் இந்த இழுபறி அரசுகளுக்கிடையில் வெளிப்படையாக நடந்தது. எகிப்தின் நாசர் அரபு தேசியத்தின் முகமாக இருந்தார். 1958இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இணைந்தன, 1961இல் பிரிந்தன. அவருக்கு மாற்றாகச் சவூதி முன்வைத்தது இஸ்லாமிய ஒற்றுமை. 1962இல் மெக்காவில் உலக முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு வெடித்த வட யேமன் உள்நாட்டுப் போரில் இருவரும் எதிரெதிர் அணிகளுக்கு உதவினார்கள். 1967இல் இஸ்ரேலிடம் தோற்றபோது நாசரின் செல்வாக்கு சரிந்தது. இரண்டாண்டுகளில் ரபாத் மாநாடு கூடியது. அல்-அக்ஸா தீ வைப்பு உடனடிக் காரணம்தான். அரபு தேசியம் தளர்ந்த இடத்தில் இஸ்லாமிய ஒற்றுமை என்ற கருத்து காலூன்றியது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த அமைப்பு ஏன் 1969இல் பிறந்தது என்பது புரியும்.

ஈரான்–ஈராக் போர் (1980–1988) இந்த விஷயத்தில் மிகச் சிறந்த பாடம். சதாம் இதை அரபியருக்கும் பாரசீகருக்கும் இடையிலான போராகச் சித்திரித்தார். ஈரானின் உச்சத் தலைவர் கொமெய்னி அதை இஸ்லாத்துக்கும் மதமற்ற ஆட்சிக்கும் இடையிலான போர் என்றார். இருவரின் கணக்கும் பிழைத்தது. ஈரானின் குஜெஸ்தான் அரபியர் சதாம் எதிர்பார்த்தபடி அவர் பக்கம் திரளவில்லை. ஈராக்கியப் படையில் பெருவாரியாக இருந்த ஷியாக்கள் கொமெய்னி எதிர்பார்த்தபடி ஈரான் பக்கம் சாயவில்லை. சிரியாவும் லிபியாவும் அரபு நாடுகளாக இருந்தும் ஈரானை ஆதரித்தன. சிரியா 1982இல் தன் வழியே சென்ற ஈராக்கின் எண்ணெய்க் குழாயையே மூடியது. போர் முடிந்த இரண்டாண்டுகளில் ஈராக், தனக்குக் கடன் கொடுத்து உதவிய அரபு நாடான குவைத்துக்குள் புகுந்தது. மொழியோ மதமோ ஒரு அரசின் நலக்கணக்கை முழுமையாகச் சொல்லிவிடாது. மேற்கு ஆசியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எட்டாண்டுப் போரை ஒருமுறையாவது ஊன்றிப் படித்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இஸ்ரேலை ஆதரித்த நாடுகளுக்கு எதிரான 1973 எண்ணெய்த் தடையிலும் பலர் தடுமாறுவார்கள். அதை விதித்தது எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஓபெக் என்று எழுதுவது வழக்கம். 1960இல் பாக்தாதில் உருவான ஓபெக்கில் அரபு அல்லாத ஈரானும், முஸ்லிம் நாடே அல்லாத வெனிசுவேலாவும் தொடக்க உறுப்பினர்கள். தடை விதித்தவை 1968இல் தனி அமைப்பாகச் சேர்ந்த அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள். ஷா ஆண்ட ஈரான் அதில் சேராமல் எண்ணெயை விற்றுக்கொண்டே இருந்தது. இஸ்ரேலை 1949லேயே அங்கீகரித்த முஸ்லிம் பெரும்பான்மை நாடு துருக்கி. முதல் அரபு நாடு அதைச் செய்ய 1979 ஆனது. அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டதற்காக எகிப்து பத்தாண்டுகள் அரபு லீகிலிருந்து விலக்கிவைக்கப்பட்டது, தலைமையகமும் கெய்ரோவிலிருந்து துனிஸுக்குப் போனது.

மேற்கு ஆசியா, வளைகுடா

இவை நிலவியல் பெயர்கள். இவற்றை அரபு, இஸ்லாமிய என்பவற்றோடு கலக்கக் கூடாது. மேற்கு ஆசியாவில் ஈரான், துருக்கி, இஸ்ரேல் மூன்றும் அரபு அல்லாதவை. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா ஆகியவை அரபு நாடுகள், ஆனால் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. 1981இல் அமைந்த வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தில் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு மன்னராட்சி நாடுகள் மட்டும் உறுப்பினர்கள். வளைகுடாக் கரையில் ஈராக்கும் ஈரானும் இருந்தும் அவை இதில் இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

நம் ஊர்களில் 'அரபு நாட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றைத்தான் சொல்கிறோம். அந்த ஆறுக்குள்ளேயே நடைமுறை ஒன்றுபோல் இல்லை. சவூதியில் முஸ்லிம் அல்லாதாருக்குப் பொது வழிபாட்டுத் தலம் கிடையாது. மெக்காவுக்குள் அவர்கள் நுழையவே முடியாது. பஹ்ரைனின் மனாமாவிலும், ஓமனின் மஸ்கட்டிலும், துபாயிலும் இந்துக் கோயில்கள் நெடுங்காலமாக உண்டு. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் பெரிய கோயில் ஒன்று திறக்கப்பட்டது. குவைத்தில் மதுவுக்கு முழுத் தடை. துபாயில் உரிமம் பெற்ற இடங்களில் கிடைக்கும். அதை ஒட்டிய ஷார்ஜாவில் தடை. அமீரகத்துக்குள்ளேயே எல்லையைக் கடந்தால் சட்டம் மாறுகிறது. இது தெரியாமல் துபாயில் வாங்கிய புட்டியோடு ஷார்ஜா அறைக்குத் திரும்புகிறவர்கள் வழக்கில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

வார விடுமுறையும் அப்படியே. சவூதி 2013இல் வியாழன்–வெள்ளியிலிருந்து வெள்ளி–சனிக்கு மாறியது. அமீரகம் 2022 ஜனவரி முதல் சனி–ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரை நாளாக்கியது. மொராக்கோவும் துனிசியாவும் லெபனானும் அரபு நாடுகளாக இருந்தும் சனி–ஞாயிறு விடுமுறை விடுகின்றன. இஸ்லாமியக் குடியரசான பாகிஸ்தான் 1997 முதல் ஞாயிறு விடுகிறது. ஒப்பந்தத்தில் 'வாரம் ஒரு நாள் விடுமுறை' என்று மட்டும் இருந்தால், அது எந்த நாள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மிகைநேர ஊதியக் கணக்கு அதில்தான் நிற்கும்.

இந்தியாவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இன்னொரு பட்டியல் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக ஈசிஆர் (ECR, குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். இமைக்ரேட் இணையதளம் வழியாக இது நடக்கிறது, சென்னையிலும் அலுவலகம் உண்டு. இந்த 18இல் அரபு நாடுகள் 13: வளைகுடாவின் ஆறு நாடுகளோடு ஈராக், ஜோர்டான், லெபனான், லிபியா, சிரியா, சூடான், யேமன். அரபு அல்லாத முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் 3: ஆப்கானிஸ்தான், இந்தோனேசியா, மலேசியா. மீதி இரண்டு, தாய்லாந்தும் தெற்கு சூடானும். எகிப்தும் மொராக்கோவும் அரபு நாடுகள்தான், ஆனால் பட்டியலில் இல்லை. 'அது அரபு நாடு இல்லையே, அனுமதி எதற்கு' என்று சொல்லி மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ சுற்றுலா விசாவில் ஆளை ஏற்றிவிடும் முகவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்படிப் போகிறவர் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படலாம்; தப்பித்துப் போய்ச் சேர்ந்தாலும், சம்பளம் நின்றுபோகும் நாளில் கையில் காட்டுவதற்குப் பதிவு செய்த ஒப்பந்தம் எதுவும் இருக்காது.